சொன்னவண்ணம் செய்து தந்த வட்டு

காஞ்சிபுரத்தின் திவ்ய தேசங்களில் ஒன்று திருவெஃகா. சின்ன காஞ்சிபுரத்தில், வரதர் சந்நிதிக்கு மேற்கே, பெரிய கூட்டமில்லாத அமைதியான திருக்கோயில். அங்கே சயனத் திருக்கோலத்தில் எழுந்தருளியிருக்கும் எம்பெருமானுக்கு யதோக்தகாரி என்று வடமொழியில் பெயர். தமிழில் அந்தப் பெயர் இன்னும் அழகு: சொன்னவண்ணம் செய்த பெருமாள்.

கதை அன்பர்கள் அறிந்ததே. தன்னைப் பாட மறுத்த கணிகண்ணனை மன்னன் நாடு கடத்தினான். சீடன் புறப்பட, திருமழிசை ஆழ்வாரும் புறப்பட்டார். போகும்போது பெருமாளையும் பாயைச் சுருட்டிக்கொண்டு வரச் சொன்னார். பெருமாளும் ஆதிசேஷனைச் சுருட்டிக்கொண்டு பின்னே நடந்தார். மூவரும் ஓர் இரவு தங்கிய இடம்தான் ஓரிருக்கை. இன்று மகா சுவாமிகளின் மணிமண்டபம் இருக்கும் ஓரிக்கை. மன்னன் மனம் வருந்தி அழைக்க, ஆழ்வார் மறுபடியும் சொன்னார், பெருமாள் மறுபடியும் வந்து படுத்தார். எழுந்து போய்த் திரும்பி வந்து படுத்ததால்தான் மற்றத் தலங்களுக்கு மாறான திசையில் சயனித்திருக்கிறார் என்று பெரியோர் சொல்வார்கள்.

இந்தத் திருமழிசை ஆழ்வாரின் பெயரிலேயே 1948ஆம் ஆண்டில் ஒரு தமிழ்த் திரைப்படம் வெளிவந்தது. அதைத் தேடி, 2011ஆம் ஆண்டில் ஒரு நாள், காஞ்சிபுரத்திலிருந்த சிறிய சிடி கடை ஒன்றின் படியேறினார் ஒரு மூதாட்டி. அப்போது அவருக்கு வயது எழுபத்தொன்று. பிள்ளையார்பாளையத்துத் தறி வீட்டில் பிறந்து வளர்ந்தவர். கண்ணில் புரை வளர்ந்துகொண்டிருந்தது. அறுவைச் சிகிச்சைக்கு முன்பு அந்தப் படத்தை ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய அவசரம்.

படத்தில் என்ன இருந்தது என்று கடைக்காரர் கேட்டார். அம்மையாருக்குக் காட்சி எதுவும் நினைவில்லை. எட்டு வயதில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து டூரிங் கொட்டகைக்குப் போனதும், படம் ஓடும்போது அப்பா அழுததும், வீடு திரும்பும் வழியெல்லாம் அவர் பேசாமலே நடந்ததும்தான் நினைவில் இருந்தன. மறுநாள் காலையில் தறியில் உட்காருவதற்கு முன்பு, அப்பா அவரைத் திருவெஃகாவுக்கு அழைத்துப்போய்ச் சந்நிதியைக் காட்டினாராம். “அப்பா எதைப் பார்த்து அழுதாருன்னு தெரிஞ்சுக்கணும் தம்பி” என்றார்.

கடைக்காரரிடம் அந்தப் படம் இல்லை. ஆனால் அவரிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. அதில் கோடு போட்டுப் படத்தின் பெயர், வந்த ஆண்டு, நடித்தவர், கேட்டவரின் தொலைபேசி எண் என்று நான்கு பத்திகள். கேட்டவர்களுக்குப் படத்தைத் தேடிப் பிடித்து, ஒரே ஒரு வட்டில் எழுதித் தருவது அவர் செய்துவந்த தொழிலில் ஒரு பகுதி. அம்மையாரின் பெயருக்கு நேராக ‘திருமழிசை ஆழ்வார், 1948’ என்று எழுதிக்கொண்டார். முன்பணம் நீட்டியபோது வாங்கவில்லை.

பட்டும் படச்சுருளும்

அந்தப் படம் கடையில் இல்லாதது வியப்பன்று. பழைய படங்களுக்கு நேர்ந்ததை அறிந்தவர்கள், கிடைக்கும் படங்களைப் பார்த்துத்தான் வியப்பார்கள்.

தமிழ்நாட்டின் முதல் மௌனப் படமான ‘கீசக வதம்’ பாரதக் கதை. முதல் உலகப் போர்க் காலத்தில், கீழ்ப்பாக்கத்தில் ஸ்டூடியோ அமைத்து ஆர். நடராஜ முதலியார் எடுத்த அந்தப் படம் இன்று எங்கும் இல்லை. 1931 அக்டோபர் 31ஆம் தேதி சென்னை கினிமா சென்ட்ரல் அரங்கில் வெளியான முதல் தமிழ்ப் பேசும் படம் ‘காளிதாஸ்’. அதுவும் இல்லை. 1937இல் வந்த ‘சிந்தாமணி’ மதுரையில் ஓடிய ஓட்டத்தில் கிடைத்த லாபத்தைக் கொண்டு அங்கே சிந்தாமணி என்ற பெயரிலேயே ஒரு தியேட்டரைக் கட்டினார்கள். தியாகராஜ பாகவதர் பில்வமங்களனாக, அதாவது ஸ்ரீகிருஷ்ண கர்ணாமிர்தம் அருளிய லீலாசுகராக நடித்த படம் அது. படத்தின் பிரதி இன்றுவரை கிடைக்கவில்லை.

ஏன் இப்படி ஆயிற்று? அந்தக் காலப் படச்சுருள் நைட்ரேட் என்ற பொருளால் ஆனது. பஞ்சை அமிலத்தில் பக்குவப்படுத்திச் செய்த, வெடிமருந்துக்கு ஒன்றுவிட்ட உறவு என்று சொல்லத்தக்க சரக்கு. எளிதில் தீப்பிடிக்கும், பிடித்தால் தண்ணீரால் அணைக்க முடியாது. தீப்பிடிக்காவிட்டாலும் வெப்பத்திலும் ஈரத்திலும் தானே இற்று, முதலில் பிசுபிசுத்து, கடைசியில் தூளாகிவிடும். 1950களின் தொடக்கம்வரை உலகமெங்கும் இதுதான் புழக்கத்தில் இருந்தது. பின்னால் வந்த சுருள் எளிதில் எரியாது. ஆனால் சரியான குளிர்ச்சியில் வைக்காவிட்டால் புளித்த காடி வாசனையோடு சுருங்கி வளைந்து போகும்.

இன்னொரு காரணம் காஞ்சி மக்களுக்குச் சொன்னவுடன் விளங்கும். பழைய பட்டுப்புடவையை விலைக்குக் கேட்டுத் தெருத்தெருவாக வருகிறவர் புடவைக்காகவா வருகிறார்? ஜரிகையிலுள்ள வெள்ளிக்காக. பாட்டியின் கல்யாணப் புடவை உருக்குச் சட்டிக்குப் போய்விடும். கறுப்பு வெள்ளைப் படச்சுருளிலும் உருவத்தைத் தாங்கி நிற்பது வெள்ளிதான். ஓடி முடிந்த படத்தின் பிரதியை வைத்துக் காப்பாற்ற இடமும் செலவும் வேண்டும்; உருக்கினால் கையில் காசு. எத்தனையோ ஆழ்வார்களும் நாயன்மார்களும் அப்படித்தான் உருகிப்போனார்கள்.

போதாததற்கு, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கச்சாச் சுருளுக்குப் பங்கீடு வந்தது. படம் 11,000 அடிக்கு மேல் போகக்கூடாது என்று அரசு கட்டுப்பாடு விதித்தது. நிமிடத்துக்குத் தொண்ணூறு அடி ஓடும் சுருள் அது; ஆக, இரண்டு மணி நேரத்துப் படம். சுருளே அரிதாக இருந்த நாளில் பிரதிகளும் அதிகம் போட்டிருக்க மாட்டார்கள். போட்ட சில பிரதிகளும் ஊர் ஊராகக் கொட்டகைகளில் தேய்ந்தன.

புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கப்பட்டது 1964இல். தமிழ் பேசத் தொடங்கி 33 ஆண்டுகள் கழித்து! அந்த 33 ஆண்டுகளில்தான் நம் பக்திப் படங்களின் முதல் தலைமுறை முழுவதும் வந்து போயிற்று. காப்பகத்தை உருவாக்கிய பி.கே. நாயர் ஊர் ஊராக அலைந்து, கோடவுன்களிலும் கொட்டகைகளிலும் கிடந்த பெட்டிகளைச் சேகரித்தார். கல்கி எழுதி, கே. சுப்பிரமணியம் இயக்கிய ‘தியாகபூமி’யின் பிரதி இன்று இருக்கிறதென்றால் அத்தகைய காப்பகத்தால்தான். அங்கும் விதி விடவில்லை. 2003 ஜனவரியில் புனேயில் நைட்ரேட் சுருள்கள் வைத்திருந்த கட்டடத்தில் தீப்பிடித்து, ஆயிரக்கணக்கான சுருள்கள் எரிந்து போயின.

பெட்டிக்குள் வந்த கொட்டகை

தப்பிய படங்கள் வீட்டுக்குள் வந்த வரலாறு சிறிதுதான். எண்பதுகளில் வீடியோ கேசட். அதற்குப் பின் விசிடி. ஒரு படத்துக்கு இரண்டு அல்லது மூன்று தட்டுகள். கே.பி. சுந்தராம்பாள் பாடத் தொடங்கியதும் தட்டு முடிந்துவிடும். எழுந்து போய் மாற்றிவிட்டு வந்து உட்கார வேண்டும். முழங்கால் வலிக்காரர்களுக்கு அது ஒரு சோதனை. பிறகு டிவிடி வந்தது. முழுப் படமும் ஒரே தட்டில்.

விலைதான் கட்டுப்படவில்லை. 2007ஆம் ஆண்டில் மோசர் பேயர் என்ற நிறுவனம் தமிழ்ப் படங்களின் உரிமைகளை மொத்தமாக வாங்கி, விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்று கடைக்குக் கொண்டுவந்தது. காபித்தூள் வாங்கப் போனவர்கள்கூட ‘சரஸ்வதி சபத’மும் ‘கந்தன் கருணை’யும் கையில் எடுத்துவந்தார்கள். நவராத்திரிக் கொலுவுக்கு வந்தவர்களுக்குத் தாம்பூலத்தோடு டிவிடி கொடுத்த வீடுகளும் உண்டு. அந்த வசந்தம் நீடிக்கவில்லை. சில ஆண்டுகளில் வியாபாரம் சுருங்கியது. அந்த நிறுவனமே பின்னாளில் திவால் நடவடிக்கைக்குள் போயிற்று.

மலிவு விலை வட்டுகளில் ஒரு கணக்கு இருக்கிறது. அச்சுப் போட்ட வட்டு என்பது நாணயம் அடிப்பது போல. முதலில் ஒரு மூல அச்சுச் செய்ய வேண்டும். அதற்கு ஆகும் செலவு பெரிது. அதன்பின் ஆயிரம் போட்டாலும் பத்தாயிரம் போட்டாலும் ஒவ்வொன்றுக்கும் சில ரூபாய்தான். ஆகவே ஆயிரக்கணக்கானோர் வாங்கும் ‘திருவிளையாடல்’ கட்டுபடியாகும். ஊருக்கு நால்வர் கேட்கும் 1936ஆம் ஆண்டுப் ‘பட்டினத்தார்’ கட்டுபடியாகாது. கேட்பவர் குறைவு என்பதால் போடவில்லை. போடாததால் கேட்பவரும் மறந்துபோனார்கள்.

இந்த முடிச்சை அவிழ்க்க அமெரிக்காவில் ஒரு வழி கண்டார்கள். வார்னர் என்ற பெரிய படக் கம்பெனி 2009 மார்ச்சில், தன் நிலவறையில் கிடந்த பழைய படங்களில் ஏறத்தாழ 150 படங்களின் பட்டியலை வெளியிட்டது. எதையும் முன்கூட்டி அச்சிடவில்லை. யாராவது ஒருவர் கேட்டால், அந்த ஒருவருக்காக ஒரு வட்டை எழுதி அனுப்பினார்கள். விலை 19.95 டாலர், அன்றைய மதிப்பில் ஏறத்தாழ ஆயிரம் ரூபாய். பட்டியல் நாளடைவில் பெரிதாயிற்று. மற்றக் கம்பெனிகளும் அதே வழியில் இறங்கின.

காஞ்சியில் இதை விளக்கவே வேண்டாம். காந்தி சாலைக் கடைகளில் அடுக்கிவைத்திருக்கும் புடவை வேறு. கல்யாணத்துக்கென்று நிறமும் கரையும் சொல்லி, முந்தியில் இன்ன உருவம் வேண்டும் என்று கேட்டு, தறியில் பாவு ஏற்றச் சொல்லும் புடவை வேறு. சொல்லி நெய்ததற்கு நாளாகும், விலையும் கூடும். ஆனால் வேண்டியது கிடைக்கும். அந்தக் கம்பெனி செய்தது சொல்லி நெய்த வட்டு.

நம் பக்கத்தில் இந்த ஏற்பாடு பெரிய நிறுவனங்களிடம் வேர்விடவில்லை. இங்கே அதைச் செய்தவர்கள் பேருந்து நிலையத்தருகிலும் கடைவீதி மூலைகளிலும் இருந்த சிறு கடைக்காரர்கள். கணினியில் ஒரு வட்டெழுதி, மேசையடியில் வெறும் வட்டுகளின் கட்டு, ஒரு நோட்டுப் புத்தகம்; அவ்வளவுதான் தொழிற்சாலை.

‘மீரா’வை எடுத்தவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர் என்பது இங்கே நினைவுக்கு வருகிறது. தமிழ் அறியாத அவர், எம்.எஸ். சுப்புலட்சுமியின் முகத்தில் கண்ணன் மீதான ஏக்கத்தை 1945இல் படமாக்கித் தந்துவிட்டுப் போனார். அவர் நாட்டில் அவருடைய காலத்துப் படங்களைக் கேட்டவருக்கு ஒன்று ஒன்றாக எழுதித் தருகிறார்கள். நம் ஊர் மாமி ‘மீரா’ கேட்டால், தொலைக்காட்சியில் ஓடியதைப் பதிவு செய்து, மூலையில் சேனலின் முத்திரையோடு கிடைக்கிறது. கிரிதரனுக்குப் பக்கத்தில் அந்த முத்திரை படம் முடியும்வரை நிற்கும்.

எது முறை, எது முறையல்ல

பக்திப் படத்தைத் திருட்டுப் பிரதியில் பார்க்கலாமா என்று மனம் குறுகுறுப்பவர்கள் இந்த இதழின் வாசகர்களில் பலர் இருப்பார்கள். அந்தக் குறுகுறுப்பு நியாயமானது. சட்டம் சொல்வதைத் தெரிந்துகொள்வது நல்லது.

இந்தியச் சட்டப்படி, ஒரு திரைப்படத்தின் பதிப்புரிமை அது வெளிவந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள். கணக்குப் போட்டுப் பார்த்தால் எளிது. 1945இன் ‘மீரா’வுக்கு 2005 முடிவோடு காலம் முடிந்தது. 1948இன் ‘திருமழிசை ஆழ்வா’ருக்கு 2008 முடிவோடு. 1964இல் வந்த ‘கர்ண’னுக்கு 2024 முடிவோடு. ஆனால் 1967இன் ‘திருவருட்செல்வ’ருக்கு 2027 முடியும்வரை உரிமையாளர் உண்டு, அவர் அனுமதியின்றி எழுதி விற்பது தவறு, வாங்குவதும் அழகல்ல. படத்தின் கதைக்கும் பாட்டுக்கும் இசைக்கும் தனித்தனி உரிமைகள் உண்டு. அவை எழுதியவரின், இசையமைத்தவரின் ஆயுளோடும் அதற்குப் பிந்திய 60 ஆண்டுகளோடும் போகும். ஆகவே காலம் முடிந்த படம் என்றாலும் பாட்டை மட்டும் பிரித்தெடுத்து விற்பது வேறு கணக்கு.

விசித்திரம் என்னவென்றால், ‘திருமழிசை ஆழ்வார்’ போன்ற படத்தை அந்தக் கடைக்காரர் எழுதித் தந்திருந்தால் படத்தின் உரிமை என்ற வகையில் அது குற்றமில்லை. உரிமை எல்லோருக்கும் வந்துவிட்டது. சுருள்தான் கைக்கு வரவில்லை. லாக்கருக்குச் சாவி கிடைத்தும் லாக்கர் இருக்கும் கிளை எதுவென்று தெரியாத நிலை.

‘திருவருட்செல்வர்’ காஞ்சிக்கு இரண்டு வகையில் சொந்தம். அதில் சிவாஜி கணேசன் ஏற்ற வேடங்களில் ஒன்று திருக்குறிப்புத் தொண்டர். அடியார்களின் ஆடையை வெளுத்துத் தந்த அந்த நாயனார் காஞ்சியில் வாழ்ந்தவர். முத்தீசுவரர் கோயில் அவரோடு தொடர்புடையது. மற்றொன்று, அப்பர் வேடம். காஞ்சி மகா பெரியவரை மனத்தில் வைத்துக்கொண்டே அந்த வேடத்தின் நடையையும் இருப்பையும் அமைத்துக்கொண்டதாகச் சிவாஜி கணேசனே சொல்லியிருக்கிறார். தளர்ந்த உடல், குனிந்த நடை, கையை ஊன்றி உட்காரும் விதம் ஆகியவற்றைப் பார்க்கும்போது, பெரியவரை நேரில் தரிசித்தவர்கள் ஒரு கணம் நிமிர்ந்து உட்காருவார்கள். இந்தப் படத்தை முறையாக வெளியிட்ட வட்டிலேயே வாங்கலாம், கிடைக்கும்.

சினிமாவில் என்ன பக்தி என்று கேட்கும் பெரியோர் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். கதாகாலட்சேபம் கேட்க நேரமில்லாத தறிக்காரருக்கும், எழுத்தறியாத அவர் மனைவிக்கும் பெரியபுராணத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தது அந்தக் கொட்டகைத் திரைதான் என்பதை மட்டும் அவர்களுக்கு நினைவூட்டலாம். ‘நந்தனார்’ படத்தில் தண்டபாணி தேசிகர் பாடியதை மனப்பாடம் செய்தவர்கள் எல்லோரும் சிதம்பரம் போனவர்கள் அல்லர்.

கேட்டு வாங்கும்போது

சொல்லி எழுதும் வட்டை வாங்க நினைப்பவர்கள் படத்தின் பெயரை மட்டும் சொல்லக்கூடாது. ‘பட்டினத்தார்’ என்று இரண்டு படங்கள் உண்டு. 1936இல் வந்ததில் தண்டபாணி தேசிகர். 1962இல் வந்ததில் டி.எம். சௌந்தரராஜன். இரண்டும் நல்லவை. ஆனால் அப்பா பார்த்ததை மகன் தேடும்போது மாறி வந்தால் ஏமாற்றம்தான். ‘அம்பிகாப’தியும் அப்படியே, 1937இல் ஒன்று, 1957இல் ஒன்று. ஆண்டும் நடிகர் பெயரும் தெரியாவிட்டால், பிலிம் நியூஸ் ஆனந்தன் தொகுத்த தமிழ்த் திரைப்பட வரலாற்று நூலைப் பார்க்கலாம். வாழ்நாள் முழுவதும் அந்த ஒரு வேலையைச் செய்தவர் அவர்.

கையில் வந்த வட்டைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அடிப்பக்கம் பளிச்சென்று வெள்ளி நிறமாக இருந்தால் அச்சுப் போட்டது. ஊதா அல்லது பச்சை கலந்த நிறம் தெரிந்தால் எழுதியது. எழுதிய வட்டில் படம் தங்குவது ஒரு சாயப் பூச்சில். சாயம் என்றால் காஞ்சிக்குத் தெரியும், வெயிலில் வெளுக்கும். தொலைக்காட்சிப் பெட்டியின் மேலோ ஜன்னலோரத்திலோ வைத்தால், படம் சில ஆண்டுகளில் திக்கித் திணறும். நிழலில், உறையில், நிறுத்திவைப்பது நல்லது. மேலே காகிதம் ஒட்டக்கூடாது; சுற்றும்போது எடை ஒருபக்கம் இழுக்கும். துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்புக்குத் துடைக்க வேண்டும். சந்தனம் அரைப்பது போல வட்டமாகத் தேய்க்கக் கூடாது. பீரோவிலுள்ள பட்டுப்புடவையை ஆண்டுக்கு ஒருமுறை எடுத்து உதறி, மடிப்பை மாற்றி வைக்கிறோம் அல்லவா? அதுபோல, ஆண்டுக்கு ஒருமுறையாவது போட்டுப் பார்த்து, பேரனிடம் சொல்லிக் கணினியிலும் ஒரு பிரதி எடுத்துவைத்துக்கொள்ள வேண்டும். வட்டு ஓட்டும் கருவியே கடைகளில் அருகிவருவதால் இந்தப் பிரதி இன்னும் அவசியம்.

கைப்பேசியிலேயே எல்லாம் வருகிறதே பாட்டி என்று பேரன் சொல்வான். உண்மைதான், பல பழைய படங்கள் யூடியூபில் இருக்கின்றன. நந்தனார் தில்லையை நினைத்து உருகும் நேரத்தில் பற்பசை விளம்பரம் குறுக்கே வரும், அவ்வளவே. இன்று இருந்த படம் நாளை எடுக்கப்பட்டும் போகலாம். கையில் வட்டு இருப்பது கைப்பெட்டியில் சாளக்கிராமம் இருப்பது போன்ற ஒரு நிம்மதி என்று முதியவர்கள் நினைத்தால், அதில் பிழை சொல்ல முடியாது.

படமே கிடைக்காதபோது பாட்டுப் புத்தகம் கிடைக்கலாம். கொட்டகை வாசலில் சில்லறைக் காசுக்கு விற்ற அந்த மெலிந்த புத்தகங்களில் கதைச் சுருக்கமும், நடித்தவர் பட்டியலும், பாட்டுகளும் இருக்கும். சென்னையிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இத்தகைய பாட்டுப் புத்தகங்களைச் சேர்த்துப் பாதுகாக்கிறது. கோட்டையூர்க்காரர் ஒருவர் தம் சொந்த ஆசையால் சேர்த்த தொகுப்பிலிருந்து வளர்ந்த நூலகம் அது. பழைய வீட்டுப் பரணில் அப்படி ஒன்று கிடந்தால், எடைக்குப் போடுவதற்கு முன் ஒரு கடிதம் எழுதிக் கேட்பது புண்ணியம். டூரிங் கொட்டகை நடத்திய குடும்பங்கள் தமிழ்நாட்டில் இன்னும் பல உண்டு. அவர்களுடைய கொல்லை அறைகளில் தகரப் பெட்டிகள் கிடக்கலாம். திறக்கும்போது கவனம் வேண்டும். நைட்ரேட் சுருளாக இருந்தால் விளக்கு, நெருப்பு எதுவும் அருகில் போகக்கூடாது. வீட்டில் வைத்திராமல் காப்பகத்துக்குச் சொல்லிவிட வேண்டும்.

அந்த அம்மையாருக்குச் சில மாதங்கள் கழித்துக் கடைக்காரர் தொலைபேசியில் பேசினார். சென்னை மொத்த வியாபாரிகளிடம் கேட்டாயிற்று, பழைய படம் சேர்ப்பவர்கள் இருவரிடம் கேட்டாயிற்று, இல்லை. அதற்குப் பதிலாக ஏ.பி. நாகராஜனின் ‘திருமால் பெருமை’ தரட்டுமா, வண்ணப் படம், அதிலும் ஆழ்வார்கள் வருகிறார்கள் என்றார். அம்மையார் வந்து வாங்கிப் போனார். மறுவாரம் கோயிலுக்குப் போகும் வழியில் கடையில் நின்று, படம் நன்றாக இருந்தது என்றும், பெரியாழ்வார் வந்தார், ஆண்டாள் வந்தாள், அப்பா வரவில்லை என்றும் சொன்னார்.

கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. கடை இப்போது கைப்பேசிக்குப் பணம் போடும் கடையாகிவிட்டது. வட்டெழுதி பரணில் இருக்கிறது. நோட்டுப் புத்தகம் மட்டும் கல்லாவுக்குக் கீழே இழுப்பறையில் இருக்கிறது. கொடுத்து முடித்த படங்களைக் கடைக்காரர் சிவப்பு மையால் அடித்திருக்கிறார். பெரும்பாலான பக்கங்கள் சிவப்பு. ‘திருமழிசை ஆழ்வார், 1948’ என்ற வரியில் இன்னும் மை படவில்லை.

சனிக்கிழமைகளில் மகள் கையைப் பிடித்துக்கொண்டு திருவெஃகா போகும் வழியில் அம்மையார் அந்தக் கடைமுன் நிற்பார்.

“வந்துதா தம்பி?”

“பார்த்துக்கிட்டே இருக்கேன்மா.”

பிறகு சந்நிதிக்கு நடப்பார்கள்.